ஏழாம் நம்பர் காட்டில் இல்லாதவள்

மெராந்தித் தோட்டம், லாபிஸ்
6-3-1932

அத்தான் அவர்களுக்கு அர்ச்சுனன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே ராசம்மாவும் பிள்ளைகளும் சுகம். நாள் முழுவதும் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலையில் எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. தாங்களும் சந்திரமதியும் சுகந்தானா? பதினெட்டு வருஷத்தில் தங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. விலாசம் சரிதான் என்று விசாரித்துக்கொண்டேன். ஆகையால் இதுவும் தங்கள் கைக்கு வரும்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து புதுத் துரைக்கு ரப்பர் மரத்தின்மேல் வெறுப்பு வந்துவிட்டது. ஓடைக்கு இரண்டு பக்கமும் உள்ள பழைய ரப்பர்க் காடுகளை வெட்டி எரித்து, வாய்க்கால் தோண்டி, எண்ணெய்ப் பனை நடப்போகிறார். ஆகஸ்டு 15ந் தேதி வெட்டு ஆரம்பம். ஏழாம் நம்பர் காட்டில் இடுகாடு இருக்கிற அரை ஏக்கரை மட்டும் விட்டுவிட ஒப்புக்கொண்டார். அவரவர் சொந்தக்காரருக்குப் பெயர் வெட்டிய கல் நட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

புஷ்பவள்ளி அக்காவுக்குக் கல் தயாராகிவிட்டது. எங்கே நடுவது என்றுதான் தெரியவில்லை. அக்கா போனபோது நான் காய்ச்சலோடு சிகாமட் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அக்காலத்து ஆண்களில் இன்றைக்கு இங்கே மிஞ்சியவன் நான் ஒருவன்தான். தாங்கள் இடத்தை எழுதினால் போதும். நேரில் வந்தால் அதைவிட நல்லது.

சந்திரமதிக்கு மாமாவின் ஆசி.

தங்கள் மைத்துனன்,
அர்ச்சுனன்

ஜொகூர் பாரு
19-3-1932

மண்டோர் அர்ச்சுனன் அவர்களுக்கு,

நான் சுகம். சந்திரமதி சுகம். நீயும் சுகமாயிருப்பதாக எழுதியிருக்கிறாய். விசாரணையில் துரைமாருக்குப் பிடித்தபடி பேசத் தெரிந்தவர்களுக்கு உடம்பு கெடுவதில்லை போலும்.

கல் விஷயமாகக் கேட்டதால் மட்டும் பதில் எழுதுகிறேன். ஏழாம் நம்பர் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதை முடிகிற இடத்தில் மேடு ஆரம்பிக்கும். கிழக்குச் சரிவில், நடுவில் குழி விழுந்த கருங்கல் ஒன்று கிடக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். அதற்குப் பத்தடி வடக்கே, மூன்றாம் வரிசையில் கடைசி இடம். அங்கே நடு.

பதினாறு வருஷமாக இந்த ஊரில் வக்கீல் ஆபீசுக்கு ஒரே தெருவில் நடக்கிறேன். அந்தத் தெருவில் எத்தனை மரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மெராந்தித் தோட்டத்தில் என் கண்ணைக் கட்டி விட்டாலும் தடுக்காமல் நடப்பேன். அந்தக் காய்ச்சல் வருஷத்தில் ஐந்து மாதத்துக்குள் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். நாற்பத்தொன்று என்று நான் எழுதினேன். பதினேழு என்று திருத்தச் சொன்ன துரையிடம் முடியாது என்றேன். கடைசியில் பதினேழு என்றுதான் மேலே போயிற்று. காரணம் உன் வாயிலிருந்து வந்த ஒரு சொல். அதை நான் மறந்துவிட்டதாக நினைத்துவிடாதே.

நேரில் வர எனக்கு அவகாசமில்லை.

ஐயாசாமி

மெராந்தித் தோட்டம்
17-4-1932

அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம். தாங்கள் கோபத்தோடு எழுதினாலும் கையெழுத்து அசையவில்லை. அதிலிருந்து தங்கள் சுகத்தைத் தெரிந்துகொண்டேன்.

கருங்கல் சொன்ன இடத்திலேயே கிடக்கிறது. குழியில் தண்ணீரும் இருந்தது. மூன்றாம் வரிசைக் கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை கல்லை நட்டோம். நாங்கள் ஆண்கள் ஆறு பேர் மேலே போனோம். பெண்கள் வழக்கம்போல வண்டிப்பாதை முனையோடு நின்றுகொண்டார்கள்.

இறங்கி வரும்போதுதான் இது நடந்தது. புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்யும் அங்கம்மாவைத் தங்களுக்கு ஞாபகம் இருக்கும், தங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள். பாதை முனையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மண்டோரே, கல்லு நட்டாச்சா?"

"ஆச்சுக்கா. மூணாவது வரிசை, கடைசி."

"பாவம் அந்தக் கல்லு."

"ஏன்?"

"தனியா நிக்குதே. அங்க யாரு இருக்கா அதுக்குத் துணைக்கு?"

சொன்னவள் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டேன். "வயசாச்சு, வாயி ஒளறுது, வுடுங்க" என்றாள். அவள் உளறுகிறவள் அல்ல. புஷ்பவள்ளி அக்கா அங்கே இல்லையென்றால் வேறு எங்கே? வேறு எங்கே இருந்தாலும் ஆகஸ்டில் அதை எரித்து வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். தயவுசெய்து யோசித்து எழுதுங்கள்.

அர்ச்சுனன்

ஜொகூர் பாரு
21-4-1932

அர்ச்சுனனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை.

யோசிக்க இதில் என்ன இருக்கிறது? இடுகாட்டைப் பற்றி ஒரு பெண்பிள்ளைக்கு என்ன தெரியும்? நம் பெண்கள் அந்தப் பக்கம் போவதுண்டா? வெற்றிலை மெல்லுகிறவள் எதையோ துப்பினால் அதைப் பொறுக்கிக்கொண்டு எனக்கு எழுதுகிறாய். ஆபீஸில் பழைய இறப்புப் பதிவேடு இருக்கும். இப்போது அங்கே கணக்கு எழுதுகிற கிராணியைப் படித்துக் காட்டச் சொல். 1914 மே 22, புஷ்பவள்ளி, வயது இருபத்துமூன்று, காய்ச்சல், ஏழாம் நம்பர் காடு. தூக்கிப் போனவர்கள் பெயர் உட்பட எழுதியிருக்கிறேன். தோட்டத்துக் கிராணிகளில் அந்த வழக்கம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் வேலையை இழந்தேன். இரண்டு வயதுக் குழந்தையோடு ரயிலேறினேன். வழியனுப்ப ஒரு நாய்கூட வரவில்லை. அத்தனையும் அந்தப் பதிவேட்டில் உண்மையை எழுதியதற்காக. அதைச் சந்தேகிக்கிற உரிமை யாருக்கும் இல்லை, உனக்குச் சற்றும் இல்லை.

ஐயாசாமி

மெராந்தித் தோட்டம்
8-5-1932

அத்தான் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். இங்கே மழை விடவில்லை. தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பதிவேட்டைக் கிராணி படித்துக் காட்டினார். தூக்கியவர்கள் நால்வர். முதல் பெயர் வீரமுத்து. அவன் மறுநாளே செத்ததாக அடுத்த பக்கத்தில் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் பிணம் தூக்கியவன் மறுநாள் காய்ச்சலில் செத்தானா? நான்காவது பெயர் என்னுடையது.

இதைத்தானே விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். "உன் அக்காளை நீ தூக்கிப் போனாயா?" எனக்கு அப்போது இருபது வயது. இல்லை ஐயா, நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றேன். அந்த ஒரு பதிலை வைத்துத்தான் புத்தகம் முழுவதும் பொய் என்று மூடினார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பெயர்தான் மரியாதைக்காகப் போட்டது, இடம் சரியாகத்தான் இருக்கும் என்று இன்றுவரை நினைத்திருந்தேன். இப்போது அந்த நம்பிக்கையும் இல்லை.

நேற்று மறுபடியும் அங்கம்மாவிடம் போனேன். கும்பலில் எல்லோரும் இருந்தார்கள்.

"அக்கா, எடத்த மட்டும் சொல்லு."

"கிராணியாருகிட்டக் கேளு."

"அவர் ஏழுன்னு சொல்றாரு."

"அப்ப ஏழுதான். படிச்சவரு சொன்னா சரியாத்தான இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "வாயத் தொறக்கப்படாதுன்னு சொன்னவரு அவரு. தொறன்னு அவரு சொல்லட்டும். பதினெட்டு வருசம் மூடுன வாயி, உனக்காகத் தொறக்காது தம்பி."

அத்தான், அவளிடம் என்ன சொன்னீர்கள்?

அர்ச்சுனன்

மெராந்தித் தோட்டம்
12-6-1932

அத்தான் அவர்களுக்கு,

சுகம். ஐந்து வாரமாயிற்று, பதில் இல்லை. அளவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெட்டவேண்டிய காடுகளில் மரத்துக்கு மரம் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு போகிறார்கள். ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்து மூன்று வரை முடிந்துவிட்டது.

அர்ச்சுனன்

ஜொகூர் பாரு
18-6-1932

அன்புள்ள மாமாவுக்குச் சந்திரமதி வணக்கம்.

தாங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம். அப்பாவும் உடம்பால் சுகம். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுவது. தங்கள் கடிதங்களை அப்பா மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுகிறார். நான் படிக்கவேண்டும் என்று நினைக்கிறாரோ என்னவோ, படித்துவிட்டேன்.

அப்பா எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் அளப்பார். கூலாயில் கொட்டுகிற மழை மழையே இல்லை, மெராந்தி மழைதான் மழை. செனாய் பக்கம் ஒரு வீடு குறைந்த விலைக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிவிட்டார். எந்தத் தண்ணீரோடு ஒப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். என்னை எந்த ஊர்ப் பெண் என்று கேட்டால் எனக்கும் லாபிஸ் என்றுதான் வாயில் வருகிறது. எனக்கோ அங்கே ஒரு மரம்கூட ஞாபகமில்லை.

ஆனால் போன வருஷம் கோலாலம்பூருக்குப் போனபோது ரயில் லாபிஸில் நின்றது. நான் எட்டிப் பார்க்க எழுந்தேன். அப்பா ஜன்னல் பலகையை இழுத்து மூடினார். "வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது" என்றார். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.

தங்கள் மே மாதக் கடிதம் வந்ததிலிருந்து அப்பா ஆபீஸ் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். யாரையும் திட்டுவதில்லை. மாமா, அவர் திட்டாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாயிருக்கிறது. அம்மாவைப் பற்றி எனக்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தெரிந்ததை எழுதுங்கள்.

சந்திரமதி

மெராந்தித் தோட்டம்
26-6-1932

செல்வி சந்திரமதிக்கு மாமாவின் ஆசி.

நாங்கள் சுகம். உன் கையெழுத்து அப்பா கையெழுத்தைப் போலவே இருக்கிறது. உறையைப் பார்த்து அவர்தான் எழுதிவிட்டார் என்று ஏமாந்தேன்.

உன் அப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அந்த வருஷம் மருந்து கேட்டுத் துரையோடு சண்டை போட்ட ஒரே ஆள் அவர்தான். செத்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதினார். கூலிக்குத் தகப்பன் பெயர் எதற்கு என்று துரை கேட்டாராம். "வழியில் கண்டெடுத்தவர்கள் அல்லவே" என்றாராம். அதை இங்கே கிழவர்கள் சாகிறவரை சொல்லிச் சிரித்தார்கள். அப்படிப்பட்டவர் உன் அம்மா விஷயத்தில் ஏன் இப்படி எழுதினார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நான் விசாரணையில் சொன்ன பதிலுக்காக வருத்தப்படவில்லை. அதனால் அத்தனை பேருடைய சாவு மறைந்துபோனதற்காகத் தினமும் வருத்தப்படுகிறேன்.

அங்கம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இவளா எழுதியிருக்கா? என் சேலையில மூத்திரம் பேஞ்ச புள்ள" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருந்தும் இடத்தைச் சொல்லவில்லை. "கிராணியார் சொன்னாச் சொல்றேன், அவரு மகளுக்கும் அதே பதிலுதான்" என்றாள். நாலாம் நம்பரில் சாயம் பூச ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

மாமா அர்ச்சுனன்

ஜொகூர் பாரு
10-7-1932

அர்ச்சுனா,

நீயும் ராசம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

சந்திரமதி உன் கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பரிமாறாமல் எழுந்து போய்விட்டாள். படித்தேன்.

மே இருபதாந் தேதி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சிகாமட்டுக்கு ரயிலேறினேன். எண்ணிக்கையைக் காட்டினால் மருந்தும் ஆட்களும் வருவார்கள் என்று நம்பினேன். உன் அக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் இரண்டாம் நாள். "போயிட்டு வாங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டர் சுற்றுப்பயணம் போயிருந்தார். மூன்று நாள் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் உன்னையும் வந்து பார்த்தேன். உனக்கு நினைவில்லை. ஆகவே நீ அங்கே இருந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இருபத்துமூன்றாந் தேதி திரும்பினேன். அங்கம்மா சந்திரமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். "ஆம்பளைங்க ஒருத்தரும் எந்திரிக்கல. நாங்க நாலு பொம்பளைங்கதான் தூக்கிட்டுப் போனோம்" என்றாள். அவள் காலில் விழுந்திருக்க வேண்டியவன் நான். "பெண்பிள்ளைகள் தூக்கிப் போட என் வீடு என்ன நாதியற்ற வீடா?" என்று கேட்டேன். இதை வெளியில் சொன்னால் நால்வர் பெயரையும் செக்ரோலிலிருந்து அடித்து வேலையை விட்டுத் துரத்துவேன் என்றேன். எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஆகையால் எனக்கு இடம் தெரியாது. தெரிந்துகொள்ள மறுத்தவன் நான். மூன்றாம் வரிசை, கடைசி என்று உனக்கு எழுதினேனே, அது அவளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்த இடம். எத்தனையோ பேரை அந்த மேட்டில் புதைக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் கடைசி இடம் காலியாக இருந்ததும் எனக்குத் தெரியும்.

மறுநாள் பதிவேட்டில் அந்த வரியை எழுதினேன். நான்காவது பெயராக உன்னுடையதைப் போட்டேன். கூடப் பிறந்தவன் தோள் கொடுத்ததாக ஒரு வரியிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு வரிதான் மற்ற நாற்பது வரிகளையும் கொன்றது. நீ உண்மையைச் சொன்னாய். நீ ஒரு பொய் சொல்லியிருந்தால் உன்னை நல்லவன் என்று பதினெட்டு வருஷமும் கொண்டாடியிருப்பேன்.

எத்தனையோ இடங்களில் குடியிருந்து மறந்திருக்கிறேன். நான் போய்ப் பார்க்காத அந்த ஓரிடந்தான் நான் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது.

இதோடு சத்தியப் பத்திரம் ஒன்று இருக்கிறது. என் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டது. அந்த வரி பொய் என்றும், எழுதியவன் நான் என்றும், மற்ற நாற்பதும் மெய் என்றும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். துரையிடம் கொடு. இன்னொரு காகிதம் அங்கம்மாவுக்கு. கும்பல் முழுவதும் இருக்கும்போது சத்தமாகப் படி. தனியாகப் படிக்காதே.

மற்றக் கோபங்கள் அப்படியே இருக்கின்றன. பதினேழு என்று எழுதச் சொன்ன துரையை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

ஐயாசாமி

(உடன் வைத்தது)

அங்கம்மா அவர்களுக்கு ஐயாசாமி எழுதுவது.

நீங்கள் சுகமாயிருக்கிறீர்கள் என்று அர்ச்சுனன் எழுதுகிறான். பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் விசாரித்திருக்க வேண்டிய சுகம் அது.

என் மனைவியை நீங்கள் நால்வரும் தூக்கிப் போய் அடக்கம் செய்தீர்கள். நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. உங்களை மிரட்டினேன். நீங்கள் செய்தது மானக்கேடு என்று நினைத்தேன். மானக்கேடு நான் செய்தது. இதை இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னவன் நான். இப்போது சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொல்லாவிட்டாலும் உங்கள்மேல் எனக்குக் குறையில்லை.

ஐயாசாமி

மெராந்தித் தோட்டம்
26-7-1932

அத்தான் அவர்களுக்கு,

எல்லோரும் சுகம். தாங்களும் சந்திரமதியும் சுகமாயிருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லோரும் வரிசையில் நிற்கும்போதே படித்தேன். முடித்ததும் அங்கம்மா என்னைப் பார்த்தாள்.

"'நீங்க'ன்னா எழுதியிருக்காரு?"

"ஆமாக்கா."

"இன்னொரு தடவ படி. நல்லாக் காதுல உழல."

இரண்டாம் தடவையும் படித்தேன். "சரி வா" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கும்பல் முழுவதும் பின்னால் போயிற்று. பெண்களும் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஐந்தாம் நம்பர் காடு. ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு களிமண் திட்டு. தூக்கிப் போனவர்கள் அங்கம்மா, கிருஷ்ணம்மா, பேச்சியம்மாள், கடைக்கார மீரா சாகிபு வீட்டு மைமூன். நாலு பேருக்கும் உடம்பில் காய்ச்சல். தண்ணீர் தூக்குகிற காண்டாக் கம்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏழாம் நம்பர் மேடு ஏறப் பலமில்லை. "பேச்சி ரெண்டு வாட்டி உழுந்துட்டா. மூணாவது வாட்டி உழுந்த எடந்தான் இது. புஷ்பாவே எடம் பாத்துக்கிட்டான்னு நெனச்சிட்டோம்" என்றாள். அங்கம்மாவின் ஒரு தோளில் கம்பு, இடுப்பில் சந்திரமதி. அத்தான், நீங்களும் நானும் அங்கே இல்லை. சந்திரமதி இருந்திருக்கிறாள். இதை அவளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. புல்வெட்டில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்போம். ஐந்தாம் நம்பருக்குப் போகும்போதெல்லாம் ஓடையோர நிரையை அங்கம்மா சண்டை போட்டு வாங்குவாள். சேறும் அட்டையும் நிறைந்த நிரை, வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். தங்கம் புதைத்து வைத்திருக்கிறாள் என்று நானே கேலி செய்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அந்தத் திட்டில் ஒரு புல் முளைக்க அவள் விட்டதில்லை.

கிருஷ்ணம்மாவும் பேச்சியம்மாளும் போய்விட்டார்கள். மைமூன் இப்போது சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.

துரை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தில் ஏழு என்று இருக்கிறதே என்றார். தங்கள் பத்திரத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "அப்போ இந்த புக் எழுதின கிராணி பொய் சொல்றான்?" என்று தமிழிலேயே கேட்டார். "ஒரு வரி, துரை" என்றேன். "ஒரு வரி பொய்னா மத்தது எப்படி மெய்?" என்றார். இருந்தாலும் ஐந்தாம் நம்பரில் இருபதடிக்கு இருபதடி முளை அடிக்கச் சொல்லிவிட்டார். அங்கே சாயம் பூச மாட்டார்கள். கல்லையும் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டோம். இன்னும் நடவில்லை. "அவரு வராம நடப்படாது" என்கிறாள் அங்கம்மா.

அர்ச்சுனன்

ஜொகூர் பாரு
30-7-1932

அர்ச்சுனா,

நானும் சந்திரமதியும் சுகம். உன் கடிதத்தை அவள் சத்தமாகப் படிக்கக் கேட்டேன். பாதியில் நிறுத்தினாள். மீதியை நான் படித்தேன்.

ஆகஸ்டு 13ந் தேதி சனிக்கிழமை ரயிலில் இருவரும் வருகிறோம். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு வழி காட்ட யாரும் வேண்டாம். கல்லில் உன் அக்கா பெயருக்குக் கீழே தூக்கியவர்கள் நால்வர் பெயரையும் வெட்டச் சொல். அங்கம்மா, கிருஷ்ணம்மா, பேச்சியம்மாள், மைமூன். இந்தத் தடவை சரியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு வரி பொய்யானால் மற்றவை எப்படி மெய் என்று துரை கேட்டாராமே. நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் நான். திங்கட்கிழமை வெட்டு ஆரம்பிக்குமுன் அவர் ஆபீஸில் போய் நிற்பேன். பதிவேட்டை அவர் திறந்து வைத்துக்கொள்ளட்டும். நான் புத்தகத்தைத் தொடமாட்டேன். நாற்பது பேரையும் பெயர், தகப்பன் பெயர், குடியிருந்த லயம், வீடு, செத்த தேதி என்று வரிசையாகச் சொல்வேன். ஒன்று தவறினாலும் அவர் என்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்ளலாம். தவறாது. பிறகு அந்த நாற்பதையும் ஏழாம் நம்பரில் கல்லில் வெட்டச் சொல்வேன். பதினேழு என்று எழுதிய காகிதம் எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும்.

லயம், ஆபீஸ், பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயக்கொட்டகை, ஏழாம் நம்பர் மேடு, எல்லாவற்றுக்கும் வழி எனக்குத் தெரியும். ஐந்தாம் நம்பருக்கு மட்டும் தெரியாது. அங்கம்மா முன்னால் நடக்கட்டும். நான் பின்னால் வருகிறேன்.

உன் அத்தான்,
ஐயாசாமி